திருத்திய தாள்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அத்தானுக்கு இருமல்தான் விட்டபாடில்லை. பஸ் டிப்போவில் வண்டி நேரத்தோடு இருமலையும் சேர்த்தே மைக்கில் அறிவித்துக்கொண்டிருக்கிறார். உன் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் பெண் வாலு இந்த வருஷம் பொதுத்தேர்வு எழுதுகிறாள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. தொட்டிலில் கிடந்து என் கண்ணாடியைப் பிடுங்கியவள்தானே அவள்?

பேச்சுவார்த்தை முடிகிற வரைக்கும் ஆசிரியர் சங்கத்துக்காரியோடு போனில் பேசக் கூடாது என்று உன் மேலதிகாரி சொல்லிவிட்டாராமே. யார் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்றாராம். நல்லதுதான். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். கடிதத்தில் முறை வைத்துத்தான் பேச முடியும்.

ஒரு விஷயம் நீ என் வாயாலேயே கேட்டுவிடு. சங்கத்தின் செயற்குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். மேசையில் உட்கார்ந்து பேசப்போகிறவர் எங்கள் தலைவர் இடிமுழக்கம்தான். அவருக்கு எழுதிக் கொடுக்கிறவள் நான். தேர்வுச் சீர்திருத்தம் என்று உன் இலாகா எதை நீட்டினாலும் அதற்குப் பதில் எழுதப்போவது உன் அக்கா. கோபித்துக்கொள்ளாதே.

இங்கே மூடுபனி. இன்று இரண்டாம் பீரியடில் ஜன்னல் வழியே வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது. கடைசி வரிசைப் பிள்ளைகள் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆய்வாளர் வந்திருந்தால் என் கதை கந்தலாகியிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். நாங்கள் மூவரும் நலம். அத்தானைக் கஷாயம் குடிக்கச் சொல். அவர் குடிக்க மாட்டார் என்பதும் தெரியும்.

எதிர்ப்பக்கம் எழுதுகிறவள் நீ என்று தெரிந்ததும் எங்கள் மேலதிகாரிக்கு ஒரே சிரிப்பு. "நல்லதாப் போச்சு, ரெண்டு பக்கமும் ஒரே கையெழுத்து" என்று சொன்னார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கமா. நான் எழுதுகிற வரைவில் அவர் வேறெதையும் மாற்ற மாட்டார், பத்து கமா மட்டும் போடுவார்.

பேச்சு நடப்பது நான்காவது மாடியில். நீளமான மேசை, அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் ஆறு பேர். ஜன்னலுக்கு வெளியே துறைமுகம். பனி இறங்கிவிட்டால் கடல் மறைந்து, கப்பல்கள் மட்டும் ஆகாயத்தில் நிற்பது போலத் தெரியும். உங்கள் இடிமுழக்கம் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது நான் கப்பல் எண்ணிக்கொண்டிருந்தேன். நேற்று ஏழு.

எங்கள் வரைவில் மொத்தம் பன்னிரண்டு பிரிவு. ஏழாம் பிரிவு என்னுடையது. பொதுத்தேர்வு எழுதிய மாணவர் தன் திருத்திய விடைத்தாளை வாங்கிப் பார்க்கலாம், கூட்டலிலோ மதிப்பிலோ பிசகு இருந்தால் மறுபடி திருத்தச் சொல்லிக் கேட்கலாம். சொல்லப்போனால் இது வாலு போட்ட பிரிவு. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, ஸ்கூல் டெஸ்ட் பேப்பரை எல்லாம் திருப்பிக் குடுக்கறாங்க. பெரிய பரீட்சை பேப்பரை மட்டும் ஏன் காட்டவே மாட்டேங்கறாங்க?"

"அது பெரிய பரீட்சைம்மா, அப்படித்தான்."

"பெரிய பரீட்சைன்னா பெரிய தப்பும் நடக்கும்ல?"

கை கழுவிவிட்டு வந்து அன்று ராத்திரியே ஏழாம் பிரிவை எழுதினேன். என் கதை உனக்குத் தெரியும். கணக்கில் அறுபத்தொன்பது. கப்பல் கட்டும் படிப்புக்குக் கேட்டது எழுபத்திரண்டு. இருபத்துமூன்று வருஷமாயிற்று. அந்தத் தாளில் எங்கே கோட்டை விட்டேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அழுகை எல்லாம் எப்போதோ போய்விட்டது. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் போகவில்லை.

அந்த வருஷம் நீயும் திருத்தும் முகாமில்தானே இருந்தாய்? அப்போது எப்படி நடக்கும் என்று விவரமாக எழுது. என் குறிப்புக்கு உதவும்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். அத்தான் கஷாயத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டார். செடிக்கு இருமல் இல்லை.

முகாம் பற்றிக் கேட்டிருந்தாய். போன வருஷ முகாமைச் சொல்கிறேன். பெரிய கூடம், எட்டு எட்டுப் பேராக மேசை. மேல் தாளைக் கிழித்துவிட்டு ரகசிய எண் மட்டும் போட்டு, கட்டுக் கட்டாகத் தாள் வரும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நாற்பது. முப்பதாவது தாளுக்கு மேல் கண் வரியில் நிற்காது. மத்தியானம் எல்லோருடைய சிவப்புப் பேனாவும் ஒரே தாளத்தில் ஓடும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அப்படி உட்கார்ந்து திருத்துகிறவர்களின் தாளைத்தான் நீ ஊருக்குக் காட்டலாம் என்கிறாய்.

எனக்கு அடிக்கடி ஒரு கனவு வருகிறது. மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தால் போதும். அதே கூடம், ஆள் யாரும் இல்லை, கூரை வரைக்கும் பனி. என் மேசையில் ஒரே ஒரு தாள். பேனாவைத் திறந்தால் மை வரவில்லை. உதறி உதறிப் பார்க்கிறேன். விழித்தால் கை நிஜமாகவே உதறிக்கொண்டிருக்கிறது. அத்தான் "என்ன, தெர்மாமீட்டரா?" என்று கேலி செய்கிறார்.

ஏழாம் பிரிவை எங்கள் சங்கம் ஏற்காது. இதை உன்மேல் உள்ள பிரியத்தோடுதான் சொல்கிறேன்.

வாலுவை நன்றாகத் தூங்கச் சொல்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கேயும் நலம்தானே?

நேற்று உங்கள் மறுப்பை இடிமுழக்கம் எழுந்து நின்று வாசித்தார். முதல் வரியிலேயே உன் குரல். "ஆசிரியரின் சிவப்புப் பேனாவை வழக்குமன்றக் கூண்டில் ஏற்றாதீர்கள்." கமாவே அசந்துபோய்ப் பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்கு ஒரு பக்கம் பெருமை, மறுபக்கம் வயிற்றெரிச்சல். இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்த கை, பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தத்தானா கிடைத்தது?

நீ சொன்ன நாற்பது தாள் நியாயமான குறை. அதைப் பிடித்துக்கொண்டு கமாவிடம் போய் நின்றேன். நாற்பதை இருபத்துநாலாகக் குறைக்க இறங்கி வருகிறார். அதற்கு ஈடாக ஏழாம் பிரிவை ஏற்றுக்கொள்ள உங்களுக்கு மனம் வருமா?

போன கடிதத்தில் நான் கேட்டது அந்த வருஷத்து முகாமைப் பற்றி. நீ எழுதியது போன வருஷத்தைப் பற்றி. கணக்கு டீச்சருக்கு வருஷம் மாறிப்போகுமா?

அன்புடன்,
தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு இருமல் தேவலை. பனி இன்னும் விலகவில்லை. காலையில் பள்ளிக்கு நடந்தால் பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஞாபகத்தில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. வாலு பரீட்சைக்கு இரண்டு பேனா எடுத்துப் போகட்டும்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? கடிதத்தில் இரண்டு பேனாவைத் தவிர ஒன்றும் இல்லையே. இரண்டையும் அவள் எடுத்துப்போனாள். நேற்று கணக்கு. சுமார்தான் என்கிறாள். ஆனால் முகத்தைப் பார்த்தால் நன்றாகவே எழுதியிருக்கிறாள்.

நீங்கள் முகாமைப் புறக்கணிக்கப்போவதாக அறிவித்த நாளிலிருந்து நான்காவது மாடியில் மின்விசிறி சத்தம்தான். நேற்று மறுபடி கூடினோம். இடிமுழக்கம் மேசையைத் தட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"நாளைக்கு ஒரு அப்பன் பேப்பரைத் தூக்கிக்கிட்டு எங்க டீச்சர் வீட்டு வாசல்ல வந்து நின்னா, நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா சார்?"

"திருத்தினவங்க பேரே தெரியாதுங்க. பேரை மறைச்சுத்தான் குடுப்போம்" என்றார் கமா.

"இதுவரைக்கும் பேப்பரைக் காட்டாம ஊரு ஓடலையா?"

அப்போதுதான் எனக்கு வாய் நிற்கவில்லை. பேசக் கூடாதவன், குறிப்பெடுக்கிறவன், பேசிவிட்டேன். "ஓடுச்சுங்க. ஆனா நான் எங்கே தப்புப் பண்ணினேன்னு இருபத்துமூணு வருஷமா எனக்குத் தெரியல. அதைத் தெரிஞ்சுக்கற உரிமையைத்தான் கேக்கறேன்." கமா என் காலை மிதித்தார்.

விஷயம் இதுதான். தாள் இருபத்துநாலு, பெயர் மறைவு, ஏழாம் பிரிவு: மூன்றும் சேர்ந்தால்தான் அரசு கையெழுத்துப் போடும். உங்கள் செயற்குழு இருபதாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தாள்கள் கட்டிலேயே கிடக்கும், வாலு மாதிரி எத்தனையோ பிள்ளைகள் முடிவு தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். என்னை வேறு இலாகாவுக்குத் தூக்கியடிப்பார்கள் என்றும் பேச்சு. அது பெரிதில்லை.

அக்கா, உனக்கு ஏழாம் பிரிவில் என்ன பயம்? சங்கத்துக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். உன்னைக் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். செயற்குழு இன்று கூடியது. பள்ளி நூலக அறையில், பதினோரு பேர். பனி விலகி வெயில் வந்திருந்தது. இத்தனை நாள் கழித்து எல்லோருடைய முகத்தையும் முழுதாகப் பார்த்தது எனக்கே புதிதாக இருந்தது.

ஐந்து பேர் வேண்டும் என்றார்கள், ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். என் முறை கடைசி. மறுப்பு எழுதியவளே நான்தானே என்று யாரும் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடிமுழக்கம் கோப்பை மூடிக்கொண்டே, "டீச்சர் என்ன சொல்லுவாங்கன்னு தெரியும், வேண்டாம்னு எழுதிக்குங்க" என்றார்.

"வேணும்னு எழுதிக்குங்க" என்றேன்.

"டீச்சர், கேள்வி புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க. பேப்பரைக் காட்டணும்."

"பின்னே நீங்க எழுதிக் குடுத்ததை நான் தொண்டை வறள வாசிச்சது எதுக்கு?"

ஆறுக்கு ஐந்து. நாளை உங்களுக்குத் தந்தி மாதிரி சுருக்கமாக ஒரு சம்மதக் கடிதம் வரும். உன் இலாகாவில் நீயே இரு.

உன் கேள்விக்குப் பதிலைத் தனியாக எழுதுகிறேன். மூன்று நாள் கொடு.

அக்கா


ஏப்ரல் 22

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

அந்த வருஷம் நானும் முகாமில்தான் இருந்தேன். சொந்தக்காரர் பரீட்சை எழுதினால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. கொடுத்தேன். உன் ஊர்த் தாள் எங்கள் முகாமுக்கு வராது, பயப்படாதீர்கள் என்றார்கள். பிறகு மழையில் பாலம் உடைந்து, கட்டுகள் வழி மாறி வந்தன. ஒன்பதாம் நாள், பதினேழாவது தாள். பிரித்ததுமே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு விடைக்கும் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. உனக்கு ஏழு எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்.

கையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கினால் தலைமைத் தேர்வாளர் வந்து கட்டையே எடுத்துப்போய் வேறு மேசையில் கொடுத்துவிடுவார். இரண்டு நிமிஷ வேலை. ஒரே ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத் தூக்கலாம் என்று ஆசை. படித்தேன். நீ அவ்வளவு அழகாக எழுதியிருந்தாய். படித்து முடித்தபோது சிவப்புப் பேனா என் கையில் திறந்திருந்தது.

திருத்தத் தொடங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. தம்பி என்று அள்ளிப் போட்டுவிடுவேனோ என்று பயம். ஒவ்வொரு டிக் போடும்போதும், இது பாசமா கணக்கா என்று பேனாவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கடைசியில் மற்றவர்களுக்குக் குறைக்காத இடத்தில் உனக்குக் குறைத்தேன். நாலு மார்க். நேர்மையாக நடந்துகொண்டேன் என்று அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். உனக்கு மூன்று மார்க் போதவில்லை என்று கடிதம் வந்த அன்றுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

நீ தேம்பித் தேம்பி அழுதாய் என்று அம்மா எழுதியிருந்தாள். நான் உனக்கு ஆறுதல் கடிதம் எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஏழாம் பிரிவு வந்தால் பழைய தாள் எதுவும் வெளியே வராது, எல்லாம் எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பயந்தேன். உன் பெண் கேட்ட கேள்விக்கு எதிராக அத்தனை அலங்காரமாக எழுதினேனே, அந்தப் பயத்தில்தான் எழுதினேன்.

அக்கா


ஜூன் 10

தம்பிக்கு,

நாங்கள் நலம். முகாம் முடிந்தது. ஒரு நாளைக்கு இருபத்துநாலு தாள்தான். சாயங்காலம் வெளிச்சத்தோடு வீடு திரும்பினோம். பேனாவை மூடிவிட்டு ஜன்னல் வழியே பார்க்கக்கூட நேரம் இருந்தது. இடிமுழக்கம் என்னோடு இன்னும் பேசுவதில்லை, ஆனால் டீயை என் பக்கம் நகர்த்தி வைக்கிறார்.

வாலுவின் மார்க் வந்திருக்கும். எவ்வளவு என்று அவளையாவது ஒரு வரி எழுதச் சொல். என் கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. நீ எழுதாமல் இருப்பது சரிதான். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

நாங்கள் நலம். வாலு கணக்கில் எண்பத்தெட்டு. தாளை வாங்கிப் பார்த்தாள். கூட்டலில் ஒரு பிசகும் இல்லை. எங்கே பன்னிரண்டு போயிற்று என்று தெரிந்துகொண்டு, "ஓ, இதுவா!" என்று சிரித்துவிட்டுத் தூங்கப்போய்விட்டாள். அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன் கடிதத்தை இரண்டு மாதம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். முதல் வாரம் உன்மேல் அப்படி ஒரு கோபம். அப்போது எழுதியிருந்தால் வாய்க்கு வந்ததை எழுதியிருப்பேன். பிறகு நான்காவது மாடியில் உட்கார்ந்து கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று உறைத்தது. நாலு மார்க் குறைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த நாலும் எனக்கு வரவேண்டியதுதானா என்று நீ எழுதவில்லை.

போன மாதமே புதிய விதி அமலுக்கு வந்துவிட்டது. இலாகாவில் அச்சடித்த முதல் படிவக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். விண்ணப்பதாரர்: நான். பாடம்: கணக்கு. தேர்வு நடந்த வருஷம் என்ற கட்டத்தைப் பார்த்தால் எந்த அதிகாரியும் என்னைப் பைத்தியம் என்பான். தாள் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் உன்னிடம் இருக்கிறது. ஒரு வரி விடாமல் இருக்கும்.

மறுபடி திருத்து. இரக்கப்பட்டு ஒரு மார்க்கும் கூட்டாதே. பயந்து ஒரு மார்க்கும் குறைக்காதே. மற்றவர்களுக்குத் திருத்துகிற மாதிரி எனக்கும் ஒரு தடவை திருத்து.

தம்பி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் விண்ணப்பம் கிடைத்தது. அந்த வருஷத்து விடைக்குறிப்பு என் பீரோவில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் மத்தியானம் உட்கார்ந்து திருத்தினேன். கண்ணை மூடினால் தாள் தெரிந்தது. பனி இல்லை.

பதினான்காம் கேள்வி, கோபுரத்தின் உயரம். ஒரு படியைத் தாண்டி எழுதியிருந்தாய், விடை சரி. அந்தப் படிக்கு விடைக்குறிப்பில் தனி மார்க் கிடையாது. நான் ஒன்று குறைத்தது தவறு.

இருபத்திரண்டாம் கேள்வி, வட்டத்தின் தொடுகோடு. படத்தில் எழுத்துகள் மங்கலாக இருந்தன. மங்கல்தான், ஆனால் எல்லாம் இருந்தன. ஒன்று குறைத்தது தவறு.

முப்பத்தொன்று, வரைபடம். அளவுத்திட்டம் எழுதவில்லை. அதற்கு யாராக இருந்தாலும் ஒரு மார்க் போகும். நான் உனக்கு இரண்டு குறைத்தேன். ஒன்று தவறு. இன்னொன்றைத் தர முடியாது. அது உன் பிசகு.

ஆக, திரும்ப வருவது மூன்று. அறுபத்தொன்பதும் மூன்றும் எழுபத்திரண்டு.

எழுபத்தொன்று வந்துவிடாதா என்று எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் தெரியுமா? எழுபத்தொன்று வந்தால் நான் பிழைத்துக்கொள்வேன். நான் குறைத்திருக்காவிட்டாலும் உனக்கு இடம் கிடைத்திருக்காது என்று சொல்லிக்கொள்வேன். நாலாவது மார்க் உன் பிசகு என்று ஆனதும் அந்த ஒன்றாவது என் தலையில் இல்லை என்று கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு மற்ற மூன்றையும் பார்த்தேன். தலைகீழாக நின்றாலும் அவை உன்னுடையவை.

நீ தேறியிருந்தாய், தம்பி. நான்தான் உன்னை விடவில்லை.

படிவத்தை நிரப்பி, மார்க்கை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க அதில் கட்டம் இல்லை. அதனால் இங்கே கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

அக்கா